கூடங்குளத்திலிருந்து வெளியே வந்த ‘10.38.1.35’: தனி ஐபி முகவரி கசிந்தால் ஆபத்தா? முழு விளக்கம்

கடையநல்லூரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். மகன் துபாயில் வேலை. வீட்டில் வயதான அம்மா, அப்பா மட்டும். வாசலுக்கு ஒன்று, முற்றத்துக்கு ஒன்று என இரண்டு சிசிடிவி கேமரா. மாட்ட வந்த தம்பி தன் போனை எடுத்து 192.168.1.1 என்று தட்டுகிறார், ஏதோ ஒரு பக்கம் திறக்கிறது, நாலு இடத்தில் டிக் அடிக்கிறார். "ஓகே அம்மா, இனி தம்பி துபாய்லருந்தே பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்.

அவர் தட்டிய அந்த நம்பர் என்ன? அது வெளியே யாருக்காவது தெரிந்தால் வீட்டுக்கு ஆபத்தா? வாட்ஸ்அப்பில் "உங்க ஐபி அட்ரஸ் லீக் ஆயிடுச்சு" என்று மிரட்டல் வந்தால் பயப்பட வேண்டுமா?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம். கூடங்குளம் அணுமின் நிலையத்தின் அலுவலக நெட்வொர்க்கைச் சேர்ந்த இப்படியொரு 'உள் முகவரி', 2019-ல் உலகமே பார்க்கும் இடத்துக்கு வந்தது. அப்போது கடையநல்லூரும் கூடங்குளமும் ஒரே திருநெல்வேலி மாவட்டம். தென்காசி தனி மாவட்டமானது அதே ஆண்டு நவம்பர் 22-ல்தான்.

அங்கே என்ன நடந்தது என்று பார்ப்பதற்கு முன், அடிப்படையைச் சுருக்கமாகத் தெரிந்துகொள்வோம்.

தனி முகவரி என்றால் என்ன?

மேலத்தெரு இல்லாத ஊர் நம்ம பக்கம் உண்டா? கடையநல்லூரில் யாரிடமாவது "மேலத்தெரு 5-ம் நம்பர் வீடு" என்றால் கையைக் காட்டி வழி சொல்லிவிடுவார்கள். ஆனால் ஒரு கடிதத்தின் மேல் "5, மேலத்தெரு" என்று மட்டும் எழுதி சென்னையில் தபால் பெட்டியில் போட்டால் என்ன ஆகும்? எங்கேயும் போய்ச் சேராது. ஊர்ப் பெயரும் 627751 என்ற பின்கோடும் இருந்தால்தான் அது கடையநல்லூர் வரும்.

தனி ஐபி முகவரியும் இப்படித்தான். வீட்டு வைஃபைக்குள் இருக்கும் போன், டிவி, கேமரா ஒவ்வொன்றுக்கும் ரவுட்டர் ஒரு நம்பர் கொடுக்கிறது. அந்த நம்பருக்கு வீட்டுக்குள் மட்டும்தான் அர்த்தம். வெளி இன்டர்நெட்டில் அந்த நம்பருக்கு எதை அனுப்பினாலும் வழியில் இருக்கும் நெட்வொர்க்குகள் அதைத் தூக்கிப் போட்டுவிடும்.

இதற்கென்றே மூன்று வரிசைகளை 1996 பிப்ரவரியில் ஒதுக்கினார்கள். அந்த ஆவணத்தின் பெயர் ஆர்எஃப்சி 1918.

- 10-ல் தொடங்குபவை: 1,67,77,216 முகவரிகள்
- 172.16 முதல் 172.31 வரை: 10,48,576 முகவரிகள்
- 192.168-ல் தொடங்குபவை: 65,536 முகவரிகள்

இவற்றை யார் வேண்டுமானாலும், யாரிடமும் அனுமதி கேட்காமல் பயன்படுத்தலாம். அதனால்தான் கடையநல்லூர் வீட்டில் இருக்கும் 192.168.1.1, சங்கரன்கோவில் ஜவுளிக் கடையிலும் இருக்கும், சிங்கப்பூர் அடுக்குமாடியிலும் இருக்கும்.

ஏன் இப்படி ஒரு ஏற்பாடு?

காரணம், தட்டுப்பாடு. பழைய முறையான ஐபிவி4-ல் மொத்தமே சுமார் 429 கோடி முகவரிகள்தான். உலகின் மக்கள்தொகையே 800 கோடியைத் தாண்டிவிட்டது. ஒரு வீட்டிலேயே ஐந்தாறு கருவிகள். உலக அளவில் இருந்த கையிருப்பின் கடைசித் தொகுப்புகளும் 2011 பிப்ரவரி 3-ல் பகிர்ந்து கொடுக்கப்பட்டுவிட்டன.

அதனால் ஒரு வீட்டுக்கு வெளியே காட்ட ஒரே ஒரு பொது முகவரி. உள்ளே எத்தனை கருவி இருந்தாலும் ரவுட்டர் அந்த ஒரே முகவரியில் வெளியே பேசி, வரும் பதிலைச் சரியான ஆளிடம் பிரித்துக் கொடுக்கும். இதற்கு 'நாட்' என்று பெயர்.

இப்போது பல நிறுவனங்கள் வீட்டுக்கு ஒரு பொது முகவரிகூடக் கொடுப்பதில்லை. நூற்றுக்கணக்கான வீடுகளுக்குச் சேர்த்து ஒன்று. உங்கள் ரவுட்டரின் 'வான் ஐபி' 100.64 முதல் 100.127 வரையிலான வரிசையில் இருந்தால் நீங்களும் அந்தக் கூட்டுக் குடும்பத்தில்தான் இருக்கிறீர்கள்.

அப்புறம் எப்படி வெளியே கசிகிறது?

வீட்டுக்குள் இருக்க வேண்டிய முகவரி பல வழிகளில் வெளியே எட்டிப் பார்க்கும்.

மின்னஞ்சல்: சில மெயில் அமைப்புகளில், அனுப்பிய கணினியின் உள் முகவரியும் தலைப்புப் பகுதியில் சேர்ந்தே போய்விடும். சாதாரணமாகக் கண்ணில் படாது, தேடினால் தெரியும்.

பிரவுசர்: வீடியோ கால் பேச உதவும் வெப்ஆர்டிசி வசதி வழியாக, நீங்கள் திறக்கும் இணையப் பக்கமே உங்கள் உள் முகவரியைத் தெரிந்துகொள்ள முடியும் என்பது 2015-ல் பெரிய விவாதமானது. பிறகு குரோம் போன்ற பிரவுசர்கள் உள் முகவரிக்குப் பதிலாகப் பொய்ப் பெயர் ஒன்றைக் காட்டும்படி மாற்றின.

பெயர் விசாரணை: "192.168.1.5-க்குப் பெயர் என்ன?" என்று வீட்டுக் கணினிகள் கேட்கும் கேள்வி, சரியாக அமைக்கப்படாத நெட்வொர்க்குகளிலிருந்து பொது இன்டர்நெட்டுக்குப் போய்விடும். முகவரி சரியில்லாத கடிதங்களுக்குத் தபால் துறையில் தனி அலுவலகம் இருப்பது போல, இந்த வீண் கேள்விகளை வாங்கிக்கொள்ளவே தன்னார்வலர்கள் உலகம் முழுக்க சர்வர்கள் நடத்துகிறார்கள். ஏஎஸ்112 என்பது அந்தத் திட்டத்தின் பெயர். அதில் ஒரு சர்வரின் பெயர் 'பிரிசனர்', அதாவது கைதி!

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 192.168 யாருக்குச் சொந்தம் என்று தேடினால், இன்டர்நெட் முகவரிகளைப் பராமரிக்கும் ஐயானா அமைப்பின் பெயர் வரும். அதைப் பார்த்துவிட்டு "நீங்கதான் என் கம்ப்யூட்டரைத் தாக்குறீங்க" என்று அந்த அமைப்புக்கே புகார் எழுதுகிறவர்கள் உண்டு. அதற்கு விளக்கம் சொல்லவே அவர்கள் தனிப் பக்கம் வைத்திருக்கிறார்கள். உண்மையில் அந்த 192.168, புகார் எழுதியவர் வீட்டுக்குள்ளேயே இருக்கும் ஏதோ ஒரு கருவி.

இதுவரை சொன்ன கசிவுகளில் பெரும்பாலானவை தொந்தரவுதான், பேராபத்து இல்லை. கூடங்குளத்தில் நடந்தது வேறு ரகம்.

கூடங்குளம் 2019: நடந்தது என்ன?

2019 அக்டோபர் 28. வைரஸ்டோட்டல் என்ற இணையதளத்தில் இருந்த ஒரு மால்வேர் மாதிரி பற்றி ட்விட்டரில் பேச்சு கிளம்பியது. சந்தேகமான ஃபைலை யார் வேண்டுமானாலும் பதிவேற்றி, வைரஸா இல்லையா என்று பார்க்க உதவும் தளம் அது. அங்கே போடும் மாதிரிகளை உலகெங்கும் உள்ள பாதுகாப்பு ஆய்வாளர்கள் எடுத்துப் பார்க்க முடியும்.

அந்த மால்வேரின் பெயர் டிட்ராக். தாக்கிய கணினியில் தட்டப்படும் எழுத்துகள், பிரவுசர் வரலாறு, ஐபி முகவரிகள், ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்கள், ஃபைல் பட்டியல் என்று எல்லாவற்றையும் திரட்டும் ஒற்று வேலைதான் இதற்கு. ஒரு மாதம் முன்புதான், 2019 செப்டம்பரில், கேஸ்பர்ஸ்கை நிறுவனம் இதைப் பற்றி அறிக்கை வெளியிட்டிருந்தது. இந்திய வங்கிகளின் ஏடிஎம்களைக் குறிவைத்த ஒரு மால்வேரை ஆராயப் போய்தான் டிட்ராக்கைக் கண்டுபிடித்தார்கள். வட கொரியாவுடன் தொடர்புபடுத்தப்படும் லாசரஸ் குழுவின் கைவரிசை இது என்பது அவர்களின் கணிப்பு.

ஆனால் அக்டோபரில் பேசப்பட்ட மாதிரிக்குள் ஆய்வாளர்களை நிமிர்ந்து உட்கார வைத்த ஒரு வரி இருந்தது. திரட்டிய தகவலை 10.38.1.35 என்ற கணினிக்கு நகல் எடுத்து வை என்ற கட்டளை. அதோடு சேர்த்து ஒரு பயனர் பெயர், அதற்கான பாஸ்வேர்டு. அந்தப் பயனர் பெயரில் 'கேகேஎன்பிபி' என்ற எழுத்துகள். கூடங்குளம் அணுமின் திட்டத்தின் ஆங்கிலச் சுருக்கம் அது.

அகப்பாடலில் தலைவன், தலைவி பெயரைச் சொல்லக்கூடாது என்பது தமிழ் படித்தவர்களுக்குத் தெரியும். இங்கே முகவரியும் பெயரும் பாஸ்வேர்டும் சேர்ந்தே வெளியே வந்து நின்றன.

முதலில் மறுப்பு, மறுநாள் ஒப்புதல்

அக்டோபர் 29-ம் தேதி கூடங்குளம் நிலையம் ஒரு அறிக்கை வெளியிட்டது. இந்திய அணுமின் நிலையங்களின் கட்டுப்பாட்டு அமைப்புகள் தனித்து இயங்குபவை, வெளி நெட்வொர்க்குடனும் இன்டர்நெட்டுடனும் இணைக்கப்படாதவை, அதனால் அவற்றின் மீது சைபர் தாக்குதல் நடத்துவது சாத்தியமில்லை என்பதுதான் அதன் சாரம். பரவுவது பொய்த் தகவல் என்றும் சொன்னது.

மறுநாள், அக்டோபர் 30. நிலையத்தை நடத்தும் இந்திய அணுமின் கழகமே இன்னொரு அறிக்கை தந்தது. மால்வேர் கண்டறியப்பட்டது உண்மைதான் என்று அதில் ஒப்புக்கொண்டது. செப்டம்பர் 4-ம் தேதியே செர்ட்-இன் அமைப்பு, அதாவது சைபர் தாக்குதல்களைக் கையாளும் மத்திய அரசின் குழு, தங்களுக்குத் தகவல் தந்தது என்றது. நிர்வாக வேலைக்கான, இன்டர்நெட் இணைப்புள்ள நெட்வொர்க்கில் இருந்த ஒரு கணினியில்தான் தொற்று, அது முக்கியமான உள் நெட்வொர்க்கிலிருந்து பிரிக்கப்பட்டது, நிலைய அமைப்புகளுக்குப் பாதிப்பு இல்லை என்றும் விளக்கம் கொடுத்தது.

இதைப் பொதுவெளியில் பேசியவர்களில் முக்கியமானவர் புக்ராஜ் சிங். மத்திய அரசின் தொழில்நுட்ப உளவு அமைப்பில் முன்பு வேலை பார்த்தவர். தாக்கியவர்களுக்கு 'டொமைன் கன்ட்ரோலர்' அளவுக்கு அணுகல் கிடைத்திருந்தது என்பது அவர் வைத்த குற்றச்சாட்டு. ஒரு அலுவலகத்தின் எல்லா யூசர்நேம், பாஸ்வேர்டுகளையும் நிர்வகிக்கும் தலைமைக் கணினிதான் டொமைன் கன்ட்ரோலர். வீட்டு மொழியில் சொன்னால் சாவிக்கொத்து. தான் செப்டம்பரிலேயே தேசிய சைபர் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளருக்குத் தெரிவித்துவிட்டதாகவும் அவர் சொன்னார்.

அந்த நம்பர் சொன்ன செய்தி என்ன?

இங்கேதான் நம் கேள்விக்கான பதில் இருக்கிறது.

10.38.1.35 என்ற நம்பரை வைத்து வெளியே இருந்து யாராலும் கூடங்குளம் கணினியைத் தொட முடியாது. இப்போது நீங்களே அதை பிரவுசரில் தட்டினாலும் எதுவும் திறக்காது. அது மேலத்தெரு 5-ம் நம்பர் மாதிரிதான்.

அப்படியென்றால் பதறுவதற்கு என்ன இருந்தது? அந்த நம்பர் மால்வேருக்குள் எப்படி வந்தது என்பதுதான் விஷயம். உள் முகவரி வெளியாளுக்குத் தெரியாது. உள்ளே போய்ப் பார்த்தவருக்கோ, உள்ளே இருப்பவர் சொல்லிக் கேட்டவருக்கோதான் தெரியும். எந்தக் கணினி எங்கே இருக்கிறது, எந்தப் பெயரில் போனால் கதவு திறக்கும் என்பது வரை தெரிந்துகொண்ட பிறகுதான் இந்த மால்வேரை எழுதியிருக்க முடியும். அதாவது இது முதல் நுழைவு இல்லை, ஏற்கெனவே ஒரு சுற்று வந்து போயிருக்கிறார்கள் என்பது ஆய்வாளர்கள் எடுத்த முடிவு.

திருடன் கையில் உங்கள் வீட்டு விலாசம் இருந்தால் பெரிய விஷயமில்லை. "மாடிப்படிக்குக் கீழே இரண்டாவது பெட்டி" என்று எழுதிய துண்டுச்சீட்டு அவன் பையில் இருந்தால்? அந்தச் சீட்டு பெட்டியைத் திறக்காது. ஆனால் அவன் வீட்டுக்குள் வந்திருக்கிறான் என்று காட்டிக் கொடுத்துவிடும்.

இதை வைத்துப் பார்த்தால் அக்டோபர் 29 அறிக்கையின் சிக்கல் புரியும். அணு உலையைக் கட்டுப்படுத்தும் நெட்வொர்க் தனி என்று அது சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கேட்கப்பட்ட கேள்வி அலுவலக நெட்வொர்க்கைப் பற்றியது. அங்கேயும் பணியாளர் விவரம், கடிதப் போக்குவரத்து, ஒப்பந்தங்கள் என்று ஒற்றர்களுக்குத் தேவையானவை இருக்கும். 'அது தனி' என்ற பதில், 'இங்கே யாரும் வரவில்லை' என்பதற்கான பதில் ஆகாது.

இன்னொன்று, செப்டம்பர் 4-ல் தகவல் கிடைத்த விஷயம் மக்களுக்கு அதிகாரபூர்வமாகத் தெரிந்தது அக்டோபர் 30-ல். 56 நாள் இடைவெளி. அதுவும், அந்த வரி பொதுவெளிக்கு வந்து கேள்வி கிளம்பிய பிறகு. அணு உலைக்கு அருகில் குடியிருப்பவர்கள் இதை நிலையத்தின் மூலம் தெரிந்துகொள்ளவில்லை, ட்விட்டர் மூலம் தெரிந்துகொண்டார்கள்.

2022 ஏப்ரல் 28-ல் செர்ட்-இன் புதிய உத்தரவு போட்டது. சைபர் தாக்குதல் தெரிய வந்தால் 6 மணி நேரத்துக்குள் தனக்குத் தெரிவிக்க வேண்டும், கணினிப் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பவை அதன் முக்கிய அம்சங்கள். நல்ல முன்னேற்றம்தான். ஆனால் அது அரசிடம் சொல்வதற்கான கெடு. மக்களிடம் சொல்வதற்கு அந்த உத்தரவில் கெடு எதுவும் இல்லை.

சரி, நம்ம வீட்டு கேமராவுக்கு வருவோம்

192.168 தெரிந்தால் ஆபத்து இல்லை என்று பார்த்தோம். அப்போ உண்மையான ஆபத்து எங்கே? உள்ளே இருக்க வேண்டிய கருவியை நாமே வெளியே கொண்டுபோய் வைப்பதில்தான்.

2016-ல் மிராய் என்ற மால்வேர் உலகம் முழுக்க லட்சக்கணக்கான சிசிடிவி கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது. அவற்றை அடியாட்களாக்கி, அக்டோபர் 21-ம் தேதி டின் என்ற நிறுவனத்தைத் தாக்கியதில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உள்ளிட்ட தளங்கள் பல இடங்களில் முடங்கின. அது கையாண்டது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கருவிகளுடன் ஆலையிலிருந்தே வரும் சுமார் 60 யூசர்நேம், பாஸ்வேர்டு ஜோடிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது, அவ்வளவுதான்.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், மிராயின் நிரலிலேயே 10, 192.168 வரிசைகளைத் தேடாதே என்று எழுதியிருந்தது. வெளியே இருந்து தொட முடியாது என்று அதற்கே தெரியும். அப்படியும் லட்சக்கணக்கில் சிக்கியது எப்படி? அந்தக் கேமராக்கள் பொது முகவரியில் நேராகவே திறந்து கிடந்தன. வெளியூரிலிருந்து பார்ப்பதற்காக ரவுட்டரில் போடப்படும் 'போர்ட் ஃபார்வர்டிங்' அதற்கு ஒரு முக்கிய வழி. நம் கதையில் கேமரா தம்பி அடித்த நாலு டிக்கில் ஒன்று அதுவாக இருக்கலாம்.

2025 பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட்டில், ஒரு மகப்பேறு மருத்துவமனையில் பெண்களைப் பரிசோதிக்கும் சிசிடிவி காட்சிகள் யூடியூப், டெலிகிராம் வரை போய் விற்பனைக்கே வந்தன. பாஸ்வேர்டுகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து உள்ளே நுழைந்திருக்கிறார்கள் என்று போலீஸ் சொன்னது. அந்தப் பெண்கள் யாருக்கும் ஐபி முகவரி என்றால் என்ன என்று தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. பாதிப்பு மட்டும் அவர்களுக்கு.

சிசிடிவி கேமராக்களின் பாதுகாப்பை அரசு அங்கீகாரம் பெற்ற ஆய்வகங்களில் சோதிக்க வேண்டும் என்ற மத்திய அரசின் விதி 2025 ஏப்ரல் 9 முதல் அமலில் இருக்கிறது. அது புதிதாக விற்பனைக்கு வரும் கேமராக்களுக்கு. ஏற்கெனவே சுவரில் இருப்பதற்கு நாம்தான் பொறுப்பு.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியவை

1. ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டையும் கேமரா அல்லது டிவிஆர் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். வைஃபை பாஸ்வேர்டு வேறு, இது வேறு.

2. கேமரா மாட்டுபவரிடம் "போர்ட் ஃபார்வர்டிங் போட்டிருக்கீங்களா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். போட்டிருந்தால், அது எதற்கு என்று காரணம் சொல்லச் சொல்லுங்கள். தேவையில்லை என்றால் எடுக்கச் சொல்லுங்கள். ரவுட்டரில் 'யுபிஎன்பி' வசதி இருந்தால் அதையும் அணைக்கச் சொல்லலாம். அது கருவிகள் தாமாகவே கதவு திறந்துகொள்ள விடும் வசதி.

3. வெளிநாட்டிலிருந்து ஆப் வழியாகப் பார்ப்பவர்கள், அந்த ஆப் கணக்குக்கு வலுவான பாஸ்வேர்டும் ஓடிபி பாதுகாப்பும் வையுங்கள். அங்கே பூட்டு என்பது அந்தக் கணக்குதான்.

4. படுக்கையறை, குளியலறைப் பக்கம் கேமரா வேண்டாம்.

5. அலுவலக ஃபைல்களை வைரஸ்டோட்டல் போன்ற பொதுத் தளங்களில் யோசிக்காமல் பதிவேற்றாதீர்கள். உள்ளே இருப்பதை அடுத்தவர்களும் பார்க்க முடியும்.

6. "உங்க ஐபி என்கிட்ட இருக்கு" என்று யாராவது 192.168 அல்லது 10-ல் தொடங்கும் நம்பரைக் காட்டி மிரட்டினால் பணம் கொடுக்காதீர்கள். அந்த நம்பர் கோடிக்கணக்கான வீடுகளில் இருக்கிறது. ஆனால் உங்கள் கேமரா படத்தையோ பாஸ்வேர்டையோ காட்டினால் அது வேறு விஷயம். உடனே எல்லா பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டு, ஸ்கிரீன்ஷாட்டுடன் புகார் கொடுங்கள். பணம் போயிருந்தால் தேசிய உதவி எண் 1930-க்குத் தாமதிக்காமல் அழைக்க வேண்டும்.

அந்தக் கடையநல்லூர் அம்மாவுக்கு 192.168 என்றால் என்னவென்று தெரிய வேண்டியதில்லை. துபாயில் இருக்கும் மகன் இன்று ராத்திரி போன் போட்டு "கேமரா பாஸ்வேர்டை மாத்தியாச்சாம்மா?" என்று கேட்டால் போதும். பதில் "இல்லப்பா" என்று வந்தால், நாளைக்கே அந்தத் தம்பியைத் திரும்பக் கூப்பிட்டு மாற்றச் சொல்லுங்கள்.